கால்பந்து வீரர் ஊதியம்: வரம்பு எவர்க்கு?

உழைப்பின் விலையை எவர் வரையறுப்பது என்னும் வினா, மனிதன் கூலிக்கு உழைக்கத் தொடங்கிய நாள்முதல் முடிவான விடை காணப்பெறாமலே நிற்கும் வினாவாகும். உழவனும் நெசவாளியும் ஆலைத் தொழிலாளியும் இவ்வினாவை எழுப்பியபோது உலகம் செவிசாய்த்தது. சிற்சில வேளைகளில் நீதியும் வழங்கியது. ஆனால் விளையாட்டு வீரன் ஒருவன் இதே வினாவை எழுப்பினால், "விளையாடுவதற்கும் கூலியா?" என்று நகைத்தோரே மிகுதி. அவன் கோடிகளில் பொருளீட்டத் தொடங்கிய பின்னரோ, அந்நகைப்பு சினமாக மாறிவிட்டது.

நம் மாணவருள் பலர் நள்ளிரவு வரை விழித்திருந்து இங்கிலாந்து நாட்டுப் பிரீமியர் லீக் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் கண்டு களிக்கின்றனர். வீரர் தம் பெயரும் அவர்தம் ஊதியமும் அவர்கட்கு மனப்பாடம். "பந்தை உதைப்பவனுக்கு ஒரு வாரத்தில் இத்துணைப் பணமா? ஓர் ஆசிரியன் வாழ்நாள் முழுதும் உழைத்தாலும் இது கிட்டுமா?" என்று மூத்தோர் கேட்கின்றனர். "திறமைக்குச் சந்தை தரும் விலை அது, கொடுப்பவன் கொடுக்கிறான், பெறுபவன் பெறுகிறான்" என்று இளையோர் விடையிறுக்கின்றனர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல.

வீரனின் ஊதியத்திற்கு வரம்பு கட்டுவது அநீதி. அவனுக்கு ஊதியம் தரும் கழகத்தின் செலவுக்கு வரம்பு கட்டாது விடுவது அதனினும் பெரிய அநீதி. இதுவே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து. இதனை விளங்கிக் கொள்ள, கால்பந்து தொழிலாக வளர்ந்த இங்கிலாந்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

வரம்பு கட்டிய காலம்

1863 இல் இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் தோன்றிற்று. அக்காலத்தில் அது செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பொழுதுபோக்காக ஆடிய ஆட்டம். ஆலை நகரங்களின் தொழிலாளர் இவ்வாட்டத்தைத் தமதாக்கிக் கொண்டபோது, வேலையை விட்டு வந்து ஆடியவர்க்குக் கூலி கொடுக்க வேண்டிய தேவை எழுந்தது. நெடிய பூசலுக்குப் பின் 1885 இல் ஊதியம் பெற்று ஆடுதல் சட்டப்படி ஏற்கப்பட்டது. 1888 இல் பன்னிரண்டு கழகங்கள் கூடிக் கால்பந்து லீக்கை நிறுவின.

ஊதியத்தை ஏற்றுக்கொண்ட அதே கரங்கள், விரைவில் அதற்கு விலங்கையும் பூட்டின. வீரனின் பதிவு கழகத்தின் உடைமையாயிற்று. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் கழகம் விடுவித்தாலன்றி அவன் வேறிடம் செல்ல இயலாது. 1901 இல் வாரத்திற்கு 4 பவுண்டுக்கு மேல் எவ்வீரனுக்கும் கொடுக்கலாகாது என்னும் உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. ஊதியத்தை ஏற்றவும் வழியில்லை. வேறு கழகத்துக்குச் செல்லவும் வழியில்லை. ஆயினும் வீரனைக் கழகங்கள் தமக்குள் விலை பேசலாம்! 1905 இல் ஆல்ஃப் காமன் என்னும் வீரரைச் சண்டர்லாந்துக் கழகத்திடமிருந்து மிடில்ஸ்பரோக் கழகம் 1,000 பவுண்டுக்குப் பெற்றது. வீரனின் விலை ஆயிரம். அவன் வாரக் கூலியின் வரம்போ நான்கு. இந்த முரண்பாட்டை எவரும் முரண்பாடாகக் கருதவில்லை என்பதே வியப்பு.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியாக இருந்து புகழ்பெற்ற வீரராக உயர்ந்த பில்லி மெரெடித் முதலானோர் 1907 இல் மான்செஸ்டர் நகரில் வீரர் சங்கம் அமைத்தனர். 1909 இல் சங்கத்தை விட்டு விலகாதோர் ஆடலாகாது என்று அதிகார பீடம் அச்சுறுத்தியது. மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் பணிய மறுத்து, தம்மைத் 'தள்ளி வைக்கப்பட்டோர்' என்று தாமே பெயரிட்டுக்கொண்டு நின்றனர். சங்கம் பிழைத்தது, வரம்பும் பிழைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்கள் ஆட்ட அரங்குகளை நோக்கி வெள்ளமெனத் திரண்டனர். 1948-49 ஆம் பருவத்தில் மட்டும் 4 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட நுழைவுச் சீட்டுகள் விற்றன. அவ்வாண்டின் வீரர் தம் உச்ச ஊதியம் வாரத்திற்கு 12 பவுண்டு. கட்டணம் செலுத்தி வந்த மக்களுக்கோ அமர்வதற்கு இடமில்லை, நின்றே கண்டனர். 1946 இல் போல்டன் நகரின் பர்ண்டன் பார்க் அரங்கில் நெரிசலில் சிக்கி 33 பேர் மாண்டதும் அக்காலத்தில்தான். வீரனுக்குக் கொடாமல் மிச்சப்படுத்திய பணம் அரங்கத்துக்கோ பார்வையாளனுக்கோ திரும்பி வந்துவிடவில்லை. "வீரனின் ஊதியத்தைக் குறைத்தால் ஆட்டம் தூய்மையுறும்" என்போர் இவ்வொன்றை நினைவில் நிறுத்துதல் நன்று.

விலங்கு உடைந்த வரலாறு

1948 இல் மிடில்ஸ்பரோவின் வில்ஃப் மேனியன் வேறு கழகத்துக்குச் செல்ல விழைந்தார். கழகம் இசையவில்லை. அவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்து, ஓல்டம் நகரில் கோழிக்கூண்டு விற்கும் தொழிலில் சேர்ந்தார். இங்கிலாந்து நாட்டு அணிக்கு ஆடிய கலைஞர் கோழிக்கூண்டு விற்றார்! இறுதியில், மறு ஆண்டில் தம் பழைய கழகத்துக்கே திரும்பி வர வேண்டியவரானார்.

1952 இல் டாம் ஃபின்னி என்னும் மாபெரும் வீரரை இத்தாலியின் பலெர்மோ கழகம் அழைத்தது. கையெழுத்திடுவதற்கே 10,000 பவுண்டு தர முன்வந்தது. பிரெஸ்டன் கழகம் மறுத்துவிட்டது. ஃபின்னியும் அமைதியாகத் தம் ஆட்டத்தைத் தொடர்ந்தார். அவர் குழாய் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றிருந்தவர்; ஆட்டத்தோடு அத்தொழிலையும் நடத்தி வந்தவர். அவருடைய பெருந்தன்மையைப் போற்றலாம். ஆனால் ஒருவரது பெருந்தன்மையைக் காட்டி ஏனையோரின் உரிமையை மறுத்தல் அறமாகாது.

1961 இல் இம்முறைமை ஆட்டங்கண்டது. அப்போது உச்சவரம்பு வாரத்திற்கு 20 பவுண்டு. ஜிம்மி ஹில் தலைமையிலான வீரர் சங்கம் வேலைநிறுத்த நாளைக் குறித்தது. அந்நாளுக்குச் சில தினங்கள் முன்னரே, சனவரித் திங்களில், கழகங்கள் பணிந்தன, வரம்பு நீங்கிற்று. ஃபுல்ஹாம் கழகத்தின் ஜானி ஹேன்ஸ் வாரத்திற்கு 100 பவுண்டு பெறும் முதல் வீரரானார். இருபது ஒரே வீச்சில் நூறாயிற்று என்றால், அதுவரை அவர் உழைப்பின் மதிப்பு எத்துணை மறைக்கப்பட்டிருந்தது என்பது வெள்ளிடைமலை.

ஊதிய வரம்பு நீங்கினும் பதிவு என்னும் தளை நீங்கவில்லை. நியூகாசில் கழகத்தின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்குத் தொடுத்தார். ஒப்பந்தம் முடிந்தபின் வீரனைத் தடுத்து வைக்கும் முறை, தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று 1963 இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். அதன்பின் ஒப்பந்தம் முடிந்த வீரனைக் கழகம் தடுத்து நிறுத்துதல் படிப்படியாக அரிதாயிற்று. ஆயினும் அவனுக்கு மாற்றுத்தொகை கேட்கும் உரிமை நீடித்தது.

அதனையும் வீழ்த்தியவர் பெல்ஜிய நாட்டு வீரர் ழான் மார்க் போஸ்மான். 1990 இல் லியேஜ் கழகத்தோடு அவர் கொண்டிருந்த ஒப்பந்தம் முடிந்தது. பிரான்சு நாட்டு டன்கெர்க் கழகத்துக்கு அவர் செல்ல இயலாதவாறு வழி அடைபட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. ஒப்பந்தம் முடிந்த வீரன் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றுத்தொகையின்றிச் செல்லலாம் என்று 1995 டிசம்பர் 15 இல் தீர்ப்பு வெளியாயிற்று. இத்தீர்ப்பின் பயனைப் பின்வந்தோர் அனைவரும் துய்த்தனர், போஸ்மான் துய்க்கவில்லை. அவர்தம் ஆட்டக்காலம் வழக்கிலேயே கரைந்து போயிற்று.

பணம் வந்த வழி

உரிமை கிட்டினால் மட்டும் ஊதியம் ஏறிவிடாது. கொடுப்பதற்குப் பணமும் வேண்டும். அப்பணம் தொலைக்காட்சி வழியே வந்தது. 1992 இல் இங்கிலாந்தின் முதல் பிரிவுக் கழகங்கள் பழைய லீக்கினின்றும் பிரிந்து பிரீமியர் லீக் அமைத்தன. ஐந்தாண்டுக்கான முதல் ஒளிபரப்பு உடன்பாட்டின் மதிப்பு 30 கோடியே 40 இலட்சம் பவுண்டு என்று அறிவிக்கப்பட்டது. 2015 இல் உள்நாட்டு ஒளிபரப்புக்கு மட்டும், மூன்றே பருவங்களுக்கு, 513 கோடியே 60 இலட்சம் பவுண்டுக்கு உரிமை விற்றது.

போஸ்மான் தீர்ப்பும் தொலைக்காட்சிப் பணமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. முன்னர் ஒரு கழகம் மற்றொரு கழகத்துக்கு மாற்றுத்தொகையாகக் கொடுத்து வந்த பணத்தில் ஒரு பகுதி, வீரனின் ஊதியமாகவே திரும்பிற்று. 1999 இல் மான்செஸ்டர் யுனைடெட் தலைவர் ராய் கீன் வாரத்திற்கு 52,000 பவுண்டு பெறுகிறார் என்ற செய்தி கேட்டு நாடே திகைத்தது. இன்று அத்தொகை பிரீமியர் லீக்கில் எவரையும் வியக்க வைக்காது. பிரீமியர் லீக் தொடங்கிய பருவத்தில் அதன் கழகங்கள் அனைத்தின் மொத்த வருவாய் சுமார் 20 கோடி பவுண்டு. 2022-23 ஆம் பருவத்தில் அவ்வருவாய் 600 கோடியைக் கடந்தது. அதில் சுமார் 400 கோடி பவுண்டு ஊதியமாகச் சென்றது.

பேராசையா, பங்கா?

இனி மூத்தோரின் வினாவுக்கு வருவோம். வீரன் பெறுவது பேராசையின் விளைவா?

மக்கள் கட்டணம் செலுத்துவது வீரனின் ஆட்டத்தைக் காண்பதற்கே. கழகத் தலைவர் தம் இருக்கையில் அமர்ந்திருப்பதைக் காண எவரும் சீட்டு வாங்குவதில்லை. ஆட்டத்தால் விளையும் பணத்தில் ஆடுபவனுக்குப் பெரும்பங்கு சேர்தல் இயற்கையே. அவன் பங்கைக் குறைத்தால் அது ஆசிரியருக்கோ மருத்துவத் தாதியருக்கோ சென்றடையப் போவதில்லை; உரிமையாளரின் பேழைக்கே செல்லும். 1948 ஆம் ஆண்டுக் கணக்கு இதற்குச் சான்று.

வீரனின் ஆட்டக்காலம் குறுகியது. பெரும்பாலோர் முப்பத்தைந்து வயதுக்குள் ஓய்கின்றனர். ஒரு முழங்கால் காயம் இருபத்திரண்டு வயதிலேயே அனைத்தையும் முடித்துவிடலாம். 1966 இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையை வென்று தந்த அணியின் தற்காப்பு வீரர் ரே வில்சன், ஓய்வுக்குப் பின் ஈமக்கடன்களுக்கு ஏற்பாடு செய்யும் தொழிலை நடத்தினார். அத்தொழில் இழிவன்று. அதே அணியின் நாபி ஸ்டைல்ஸ் 2010 இல், தம் குடும்பத்துக்குப் பொருள் விட்டுச் செல்லும்பொருட்டு, உலகக் கோப்பைப் பதக்கத்தையே ஏலத்தில் விற்றார். நாட்டுக்கு வாழ்நாட்பெருமை தேடித் தந்தவர் முதுமையில் பதக்கம் விற்க நேர்ந்த காலத்தை, ஆட்டத்தின் பொற்காலம் என்று ஏங்கி நினைப்பது எங்ஙனம்?

மேலும், மிகு ஊதியம் பெற்ற கை எல்லாம் மூடிய கையன்று. செனகல் நாட்டுச் சாடியோ மானே, மருத்துவமனையின்றித் தம் தந்தையை இழந்த பம்பாலி என்னும் தம் சிற்றூரிலேயே மருத்துவமனை ஒன்றை எழுப்ப உதவினார். 2021 இல் அது திறக்கப்பட்டது. 2020 இல் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர், கோடை விடுமுறையிலும் ஏழைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கிட்டவேண்டும் என்று குரலெழுப்பிப் பிரித்தானிய அரசின் முடிவையே மாற்றினார்.

ஆகவே வீரனின் ஊதியத்தைக் கண்டு வெகுள்வது குறி தவறிய அம்பு. அப்படியாயின் குறி எது?

வரவை மிஞ்சிய செலவு

ஆட்டத்தில் வெற்றி என்பது ஒப்பீட்டில் அமைவது. ஒரு கழகம் மேலேறினால் மற்றொன்று கீழிறங்கியே தீரும். கழகத்தின் ஊதியச் செலவுக்கும் பட்டியலில் அது பெறும் இடத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்பதைப் பொருளியல் அறிஞர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கி தம் ஆய்வுகளில் காட்டியுள்ளார். ஆதலின் ஒவ்வொரு கழகமும் தன் அண்டைக் கழகத்தைவிட ஒரு படி கூடுதலாகக் கொடுக்க முனைகிறது. அண்டைக் கழகமும் அவ்வாறே செய்கிறது. ஏலத்தில் இருவர் மாறி மாறிக் கேட்கும்போது பொருள் ஒன்றாகவே இருக்க, விலை மட்டும் ஏறுமன்றோ? இதுவும் அத்தகையதே. முடிவில் வரிசை பெரிதும் மாறுவதில்லை. கடன் மட்டும் மிஞ்சுகிறது.

இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்காகிய சாம்பியன்ஷிப் பிரிவில் இந்நோய் முற்றி நிற்கிறது. அங்கிருந்து பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தால் 10 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட கூடுதல் வருவாய் கிட்டக்கூடும். இந்த ஒற்றைப் பரிசை நம்பி, அப்பிரிவின் கழகங்கள் தம் மொத்த வருவாயைக் காட்டிலும் கூடுதலான தொகையை ஊதியமாகவே கொடுத்த பருவங்கள் பல. நூறு ரூபாய் வரவுள்ள குடும்பம், கூலிக்கு மட்டும் நூற்றுப் பத்து ரூபாய் கொடுத்தால் அதன் அடுப்பு எத்தனை நாள் எரியும்?

லீட்ஸ் யுனைடெட் கழகத்தை எண்ணிப் பாருங்கள். வருங்காலத்தில் விற்கவிருந்த நுழைவுச் சீட்டுகளை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கடன் பெற்றது. 2001 இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை சென்றது. அடுத்தடுத்த பருவங்களில் அப்போட்டிக்குத் தகுதி பெறத் தவறவே, கணக்கு சரிந்தது, வீரர்களை விற்றது, 2004 இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று, தன் எல்லண்ட் ரோடு அரங்கையும் விற்றது. விதைநெல்லை விற்று விருந்து வைத்த கதை இது.

லீட்ஸ் பெரிய கழகம், காலப்போக்கில் மீண்டெழுந்தது. பரி அவ்வாறன்று. மான்செஸ்டருக்கு வடக்கே அமைந்த பரி நகரின் கழகம் 1885 இல் தோன்றியது. 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பையை வென்றது, 1903 இறுதியாட்டத்தில் டார்பி கவுண்டியை ஆறுக்குச் சுழியம் என்ற கணக்கில் தோற்கடித்தது. 1894 முதல் கால்பந்து லீக்கில் இடம்பெற்று வந்தது. 2019 வசந்தத்தில் அக்கழகம் களத்தில் வென்று மேற்பிரிவுக்கு உயர்வும் பெற்றது. அதே வேளையில் வீரருக்கும் பணியாளருக்கும் கொடுக்க வேண்டிய ஊதியம் நிலுவையில் கிடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 27 ஆம் நாள், நிதி நிலையை மெய்ப்பிக்க இயலாமையால், லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 125 ஆண்டு உறவு ஒரே மாலையில் அறுந்தது.

களத்தில் வென்ற கழகம் கணக்கேட்டில் தோற்றது. அங்கே தோற்றவர் எவர்? பெயர்பெற்ற வீரர்கள் வேறிடம் சென்று பிழைத்திருப்பர். தந்தையோடும் பாட்டனோடும் அதே கிக் லேன் அரங்கில் நின்ற ஊர் மக்கள் எங்கே செல்வர்? வாயிற் காவலரும் புல்தரை பேணுவோரும் உணவு விற்போரும் எங்கே செல்வர்? 2023 இல் மக்கள் முயற்சியால் பரி என்னும் பெயரில் கிக் லேனில் மீண்டும் பந்து உருண்டது. ஆனால் பல படிகள் கீழே, புதிதாய்த் தொடங்கியவரைப் போல.

பெருங்கழகங்களும் இதற்கு விலக்கல்ல. பார்சலோனாவின் லயனல் மெஸ்சி நான்காண்டுகளில் 55 கோடி யூரோவுக்கு மேல் பெறத்தக்க ஒப்பந்தம் கொண்டிருந்தார் என்னும் செய்தியை 2021 சனவரியில் ஸ்பெயின் நாளேடு ஒன்று வெளியிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், கழகத்தின் கடன் 135 கோடி யூரோ என்றும், ஊதியச் செலவு வருவாயில் 103 விழுக்காடு என்றும் கழகத் தலைவர் அறிவித்தார். ஊதியத்தைப் பெரிதும் குறைத்துக்கொள்ள மெஸ்சி இசைந்த பின்னரும், ஸ்பெயின் லீக் கழகங்களுக்கு விதித்திருந்த செலவு வரம்பினால் அவரைப் பதிவு செய்ய இயலவில்லை. கண்ணீரோடு அவர் விடைபெற்றார். தவறு ஊதியம் கேட்டவருடையதா, இல்லாத பணத்தை வாக்களித்தவருடையதா?

அடித்தட்டில் நிற்போர்

உச்சியில் நிற்கும் சிலரது ஒளியில் அடித்தட்டில் நிற்போர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கழகங்களின் பயிற்சிக் கூடங்களில் எட்டு, ஒன்பது வயதிலேயே சிறுவர் சேர்க்கப்படுகின்றனர். அவருள் மிகப் பெரும்பாலோர் பதினாறு அல்லது பதினெட்டு வயதில் 'போதாது' என்று திருப்பி அனுப்பப்படுகின்றனர். கல்வியைப் பின்தள்ளிக் கனவை முன்தள்ளிய குடும்பங்களின் துயர் எந்த ஊதியப் பட்டியலிலும் வருவதில்லை. கீழ்ப்பிரிவுகளில் ஆடும் வீரரோ ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில், அடுத்த கோடையில் வேலை உண்டா என்னும் கவலையோடு வாழ்கின்றனர்.

2020 இல் கொரோனா நோய்த்தொற்றால் ஆட்டங்கள் நின்றபோது, லிவர்பூல், டாட்டனம் ஆகிய செல்வக் கழகங்கள் ஆடாத பணியாளரின் ஊதியத்துக்கு அரசின் நிதியுதவியை நாடப்போவதாக அறிவித்தன. மக்கள் கண்டித்த பின்னர் அவை அம்முடிவைக் கைவிட்டன. அதே காலத்தில் பார்சலோனா வீரர்கள், ஏனைய பணியாளர் முழு ஊதியம் பெறுவதை உறுதிசெய்யும் வகையில் தம் ஊதியத்தில் 70 விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டனர். உயர்ந்த ஊதியம் பெறுவோர்க்கு அருகில் நிற்போரின் நிலையும் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பார்வையாளனும் அடித்தட்டில் நிற்பவனே. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் கழகம் 77 பவுண்டு விலையில் நுழைவுச் சீட்டு விற்கத் திட்டமிட்டது. ஆட்டத்தின் எழுபத்தேழாம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினர். சில நாள்களில் உரிமையாளர் திட்டத்தைக் கைவிட்டனர். அடுத்த பருவம் முதல், வெளியூரிலிருந்து வரும் பார்வையாளர்க்கான சீட்டு 30 பவுண்டுக்கு மேற்படலாகாது என்று பிரீமியர் லீக் விதித்தது. மக்கள் ஒன்றுபட்டால் வரம்பு கட்ட இயலும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

வரம்பு எவர்க்கு?

வரம்பு என்றதும் 1901 ஆம் ஆண்டின் பழைய வரம்பே பலர் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. பழைய வரம்பு, தனிமனிதனை நோக்கி "நீ எத்துணைத் திறமை காட்டினும் இதற்கு மேல் பெறலாகாது" என்றது. அது அடிமைத்தனம். நாம் வேண்டும் வரம்பு, கழகத்தை நோக்கி "நீ யார்க்கு எத்துணையும் கொடு, ஆனால் உன் வருவாயிலிருந்து கொடு" என்கிறது. அது சிக்கனம். வள்ளுவப் பேராசான் வலியறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறட்பாக்களில் வரவின் அளவையும் கொடையின் அளவையும் இணைத்தே பேசுகிறார். படைவலி பற்றிய அதிகாரத்தில் பொருள்வலி பற்றிய பேச்சு எதற்கு என ஐயுறுவோர், லீட்ஸ் கழகத்தின் வரலாற்றைப் படித்தால் தெளிவர்.

ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு இவ்வழியில் நடக்கத் தொடங்கியுள்ளது. தன் போட்டிகளில் ஆடும் கழகங்கள் வீரர்க்காகச் செய்யும் செலவு வருவாயில் 2023-24 இல் 90 விழுக்காடு, அடுத்த பருவத்தில் 80, 2025-26 முதல் 70 என்று படிப்படியாக வரையறுத்தது. இங்கிலாந்திலும் 2025 இல் கால்பந்து ஆளுகைச் சட்டம் நிறைவேறி, கழகங்களின் நிதி நிலையைக் கண்காணிக்கத் தன்னுரிமை கொண்ட ஒழுங்காற்று அமைப்புக்கு வழி செய்தது. பரி நகர மக்களின் கண்ணீர் இச்சட்டத்தின் மையில் கலந்திருக்கிறது எனலாம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: வருவாயை ஒட்டி வரம்பு கட்டினால், வருவாய் மிக்க கழகங்களே என்றும் மேலே நிற்கும், எளிய கழகம் எவ்வாறு எழும்? இது நியாயமான மறுப்பு. விடை வரம்பை நீக்குவதில் இல்லை. வருவாயைப் பகிர்வதில் இருக்கிறது. 1983 வரை இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு வந்து ஆடிய கழகத்துக்கும் கொடுக்கப்பட்டு வந்தது. எதிரணி இல்லையேல் ஆட்டமும் இல்லை என்னும் எளிய உண்மையை அக்கால மக்கள் அறிந்திருந்தனர். தொலைக்காட்சிப் பணத்தில் கீழ்ப்பிரிவுகளின் பங்கை உயர்த்துவதும், ஊர் மைதானங்களையும் சிறுவர் பயிற்சியையும் பேணுவதும், அரங்கப் பணியாளர்க்கு வாழத்தக்க கூலி தருவதும் மேல்தட்டின் கொடையன்று, கடமை. செல்சி கழகம் 2014 இல் வாழ்வூதியம் வழங்கும் நிறுவனமெனச் சான்று பெற்றது. பிரீமியர் லீக்கில் அதுவே முதல். ஒரு கழகத்தால் இயன்றது ஏனையவற்றாலும் இயலும்.

நிறைவாக

கால்பந்து வீரனின் ஊதியம் ஏறுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு காலத்தில் அவன் கோழிக்கூண்டு விற்றான், பதக்கம் விற்றான். அந்நாள் மீண்டும் வர வேண்டுமென்று நல்லோர் எவரும் விழையார். அஞ்ச வேண்டியது, இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டி ஓர் ஊரின் நூற்றாண்டு மரபைச் சூதில் பணயம் வைக்கும் பொறுப்பின்மையைத்தான்.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை ஒரு வீரனின் வார ஊதியத்தைக் கேட்டு வியக்கும்போது, மேலும் இரண்டு வினாக்களைச் சேர்த்துக் கேளுங்கள். அவ்வூதியம் கழகத்தின் வரவிலிருந்து வருகிறதா, கடனிலிருந்து வருகிறதா? அதே அரங்கின் வாயிலில் நின்று சீட்டுக் கிழிப்பவர் எவ்வளவு பெறுகிறார்? இவ்விரு வினாக்களுக்கும் நேரிய விடை கிட்டுமாயின், வீரன் எத்துணை பெறினும் அது அவன் உழைப்பின் உரிமை. கிட்டாதாயின், அவன் பெறும் பணத்துக்கு ஈடாக எங்கோ ஓர் ஊர் அடகு வைக்கப்பட்டுள்ளது என்று பொருள். வீரனின் காலுக்கு விலங்கு வேண்டா; கழகத்தின் கைக்கு அளவுகோல் வேண்டும் என்பதே எம் துணிபு.